வாசலில் என்ன மரம்?

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைக்குப் பேர்போனது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. தோட்டத்தில் காட்டும் அக்கறையை வீட்டு வாசலிலும் காட்ட வேண்டாமா?

இடம் தாராளமாக இருக்கிறதா? வேம்பு வையுங்கள். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி நடுங்கள். ஆல், அரசு வேண்டாம். வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும். முருங்கைக் கிளை காற்றில் முறியும், கூரையருகே ஆகாது.

இடம் குறுகலா? செம்பருத்தி, இட்லிப்பூ, பவழமல்லி போதும்.

ஆனால் அரளி மட்டும் வேண்டவே வேண்டாம்! பூ அழகுதான். இலை, பூ, விதை அத்தனையும் விஷம். மஞ்சள் அரளிக் கொட்டையைத் தின்றால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிரும் போகலாம்.

சாமிக்குப் பூ வேண்டுமே என்பீர்கள். செம்பருத்தியையும் சாமி ஏற்றுக்கொள்ளும். குழந்தை விளையாடும் வாசலில் விஷச்செடி எதற்கு?