நாய் மேல பழி போட்டா போதுமா?

போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு நடந்து வந்த ஒரு அம்மாவை, கேட் திறந்து கிடந்த வீட்டு ரோட்வைலர் கடிச்சிடுச்சி. காலில் தையல். அன்னதானத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "அந்த ஜாதி நாயே அப்படித்தான்."

தொண்டர்கள் நாங்க அதை முழுசா ஏத்துக்கல. பெரிய நாய் கடிச்சா காயமும் பெருசு, உண்மைதான். அதனாலதான் மலேசியாவில் பிட்புல் இறக்குமதிக்குத் தடை, ரோட்வைலருக்குக் கட்டுப்பாடு. ஆனா கேட்டைத் திறந்து போட்டது நாயா?

தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் தடுப்பைக் கழற்றிட்டு ஓட்டி, கை நசுங்கினா மெஷினையா விசாரிப்போம்? மெஷின் எவ்வளவு பெருசோ, பாதுகாப்பும் அவ்வளவு பலமா இருக்கணும். குட்டி 3 வாரத்திலிருந்து சுமார் 3 மாதம் வரை பல மனிதர்களோடு பழகணும். அந்த வயசில் சங்கிலியில் கட்டிப் போட்டுட்டு, பிறகு சாதுவா இருன்னா அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? தண்டனைச் சட்டம் 289-வது பிரிவும் கவனக்குறைவா பிராணி வளர்ப்பவரைத்தான் பிடிக்குது. 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

நம்மில் பல பேர் திருடனுக்குப் பயந்து நாய் வளர்க்கிறோம். கோயிலுக்குக் கிளம்பும்போது கேட்டைப் பூட்டினோமான்னு ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம். யாரையாவது கடிச்சிட்டா சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவி, உடனே கிளினிக் கூட்டிட்டுப் போங்க.

அந்த அம்மா இன்னும் கோயிலுக்கு வரல. அந்தப் பாதையில் நடக்கவே பயப்படுறாங்க. அவங்க மறுபடியும் தைரியமா நடந்து வரணும்னா, நாய் வளர்க்கிற நாமதான் பொறுப்பா இருக்கணும்.