மணிமேகலையில் காமம்: தூய்மை வாசிப்புக்கு ஒரு மறுப்பு

மணிமேகலை குறித்து இலக்கிய வரலாற்று நூல்களும் வகுப்பறை விளக்கங்களும் ஒரு கருத்தைத் தொடர்ந்து வழிமொழிந்து வருகின்றன. காமத்தைப் பாடிய அகமரபுக்கு மாறாகக் காமத்தை அழுக்கெனத் தள்ளிய காப்பியம் அது என்பது அக்கருத்தின் முதற்கூறு. கணிகையர் குலத்தில் பிறந்தும் கறைபடாது நின்ற தூயவள் மணிமேகலை என்பது இரண்டாம் கூறு. முன்னது பௌத்தத்தை உடல்வெறுப்புச் சமயமாக்குகிறது. பின்னது காப்பியத் தலைவியைக் கற்பின் சின்னமாக்குகிறது. 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து வழங்கிய இக்காப்பியம் இவ்விரண்டுக்கும் இடந்தரவில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காமம் என்னும் சொல்

பாலி நூல்களில் காமம் என்பது ஐம்புல இன்பங்கள் அனைத்தையும் சுட்டும் சொல். கண், செவி, மூக்கு, நா, மெய் ஆகியவற்றின் வழி வரும் இன்பங்களைக் காமகுணம் ஐந்து என அந்நூல்கள் வகுக்கும். ஆண் பெண் வேட்கை அதனுள் ஒரு பகுதியே. சுவையுணவின் மேல் செல்லும் பற்றும் இசையின் மேல் செல்லும் பற்றும் பௌத்தத்திற்கு அதே இனத்தன. சங்க அகப்பாடல்களின் காமமோ தலைமக்களின் அன்பையும் வேட்கையையும் குறிப்பது. இவ்வேறுபாட்டை மறந்து படிப்போர்க்குப் பௌத்தத்தின் புலனடக்கம் முழுவதும் பாலுறவு மறுப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இல்லறத்தார்க்குரிய ஐந்து சீலங்களுள் மூன்றாவது, பிறழ்ந்த காம ஒழுக்கத்தை விலக்குகிறதேயன்றிப் பாலுறவையே விலக்கவில்லை. முற்றத் துறத்தல் பிக்கு, பிக்குணியர்க்கு உரியது. புணர்ச்சியில் ஈடுபட்ட பிக்கு சங்கத்தினின்றும் நீங்குவான் என்பது வினயத்தின் முதல் பாராசிகம். இருதிறத்தார்க்கும் உரிய இவ்வேறுபாட்டைச் சாத்தனார் நன்கு அறிந்தவர். அறவண அடிகள் இராசமாதேவிக்கு எடுத்துரைக்கும் பத்துத் தீவினைகளுள் உடலின்கண் தோன்றுவன மூன்று. கொலை, களவு ஆகியவற்றை அடுத்து அங்கு இடம்பெறுவது ‘காமத் தீவிழைவு’. காமம் என்று கூறி அமையாது ‘தீவிழைவு’ எனச் சுட்டியமை நோக்கத்தக்கது. கொலை பிறர் உயிரைக் கவர்வது. களவு பிறர் பொருளைக் கவர்வது. அவ்வரிசையில் வைக்கப்பட்ட காமக்குற்றமும் பிறர்க்கு இழைக்கும் தீங்கு எனக் கொள்வதே பொருந்தும்.

கறையன்று, கண்ணி

துறவிக்கும் காமம் அழுக்கு என்பதனால் விலக்கப்படவில்லை. ஊற்றினின்று நுகர்வும், நுகர்வினின்று வேட்கையும், வேட்கையினின்று பற்றும் தோன்றும் எனச் சார்பிற்றோற்றக் கொள்கை கூறும். வேட்கை அத்தொடரில் ஒரு கண்ணி. அது அற்றால் தொடர் அறும். இது காரண காரிய ஆராய்ச்சியே. இதில் அருவருப்புக்கு வேலையில்லை.

காப்பியத் தலைவியின் நெஞ்சையே சான்றாகக் கொள்ளலாம். உவவனத்தில் உதயகுமரன் தன்னை இழித்துரைத்த பின்னும் தன் உள்ளம் அவன்பின் சென்றதை மணிமேகலை சுதமதியிடம் ஒளியாது கூறுகிறாள். காமத்தின் இயல்பு இதுதானோ என வினவவும் செய்கிறாள். அவ்வுள்ளத்தைக் காப்பியம் பழிக்கவில்லை. முற்பிறப்பில் அவன் இராகுலன், அவள் அவன் மனைவி இலக்குமி என மணிபல்லவத்தில் காரணம் காட்டுகிறது. காஞ்சனனின் வாளால் அவன் வீழ்ந்தபோது அவள் புலம்பி அவனருகே செல்ல முற்படுகிறாள். கந்திற்பாவை அவளைத் தடுக்க வேண்டியிருக்கிறது. காமத்தை அறியாத தூயவளைச் சாத்தனார் படைக்கவில்லை. காமத்தை அறிந்து, அதன் வேரையும் அறிந்து கடந்தவளையே படைத்தார்.

காப்பியம் கண்டிப்பது வேறொன்றை. அரசகுமரன் தன் அதிகாரத்தோடு ஒரு பெண்ணைத் துரத்துவதும், அவள்மேல் இராசமாதேவி ஓர் இளைஞனை ஏவுவதுமே இங்குத் தீவிழைவுகள். உதயகுமரனுக்குத் தான் செய்திருக்க வேண்டியதை விஞ்சையன் செய்துவிட்டான் எனச் சோழ மன்னனே கூறுவது இதற்கு வலுச்சேர்க்கும்.

அமுதசுரபியை ஏந்திய கைகள்

தூய்மையே காப்பியத்தின் அளவுகோலாயின் அமுதசுரபி யார் கையில் இருந்திருக்க வேண்டும்? அதனை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். வாரணாசி அந்தணன் அபஞ்சிகனின் மனைவி சாலி நெறிபிறழ்ந்து ஈன்று, வழியிலே கைவிட்ட மகன் அவன். வேள்விப் பசுவை மீட்டதற்காக அவன் பிறப்பை அந்தணர் இகழ்ந்தபோது, வசிட்டரும் அகத்தியரும் தெய்வக் கணிகையின் புதல்வரே என அவன் விடைகூறினான். அவனுக்குப்பின் அப்பாத்திரம் சேர்ந்தது கணிகை மாதவியின் மகளிடம். அவள் தோழி சுதமதி விஞ்சையன் ஒருவனால் கவர்ந்து செல்லப்பட்டுக் கைவிடப்பட்டவள். அவளுக்கும் அவள் தந்தைக்கும் அடைக்கலம் தந்தது பௌத்தப் பள்ளியே. இத்தெரிவுகளைத் தற்செயல் என்பது பொருந்தாது. அம்பபாலி, விமலா, அட்டகாசி ஆகிய முன்னாள் கணிகையரின் பாடல்களைத் தேரிகாதை போற்றிக் காத்த மரபோடு இவை இயைகின்றன.

எதிர்வாதங்கள்

மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் எனக் கூறுவதைத் தூய்மை வாசிப்பினர் சான்று காட்டுவர். அது வயந்தமாலைக்கும் அவள்வழி சித்திராபதிக்கும் மாதவி தந்த விடை; குலத்தைக் காட்டி அழைப்போர்க்குக் குலத்தைக் காட்டியே மறுத்த விடை. இறுதிக் காதையில் மணிமேகலையின் தகுதிகளாகக் கூறப்படுவன தானமும் சீலமும் பழம்பிறப்புணர்வுமே. அங்குப் பிறப்பு, தகுதியாகவும் வரவில்லை, தடையாகவும் வரவில்லை.

மூப்புற்ற பெண்ணொருத்தியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டி உடலின் நிலையாமையை உதயகுமரனுக்கு உணர்த்தும் பகுதியில் உடல் இழிப்பு உண்டு என்பதை மறுத்தற்கில்லை. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டு வருணனையும் அத்தகையது. எனினும் முன்னது விடாது துரத்தும் ஒருவனைத் தடுக்கக் கூறப்பட்ட மொழி. பின்னது ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி அனைத்துடலின் முடிவையும் காட்டுவது. இவற்றை மட்டும் பிரித்தெடுத்துக் காப்பியத்தின் கொள்கை என்பது முறையான ஆய்வாகாது.

முடிவுரை

தூய்மை வாசிப்பின் தீங்கு நூலோடு நின்றுவிடுவதன்று. ‘அக்குலத்தில் பிறந்தும் தூயவள்’ எனப் பாராட்டுவோர் அக்குலத்தில் பிறத்தலே கறை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றனர். 1947இன் சென்னைத் தேவதாசிச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்தது. பிறப்பின்மேல் ஏற்றிய பழியைத் துடைப்பது சட்டத்தால் மட்டும் ஆவதன்று. அப்பழியை ஏற்க மறுத்த காப்பியம் தமிழில் இருக்க, அதனைக் கொண்டே அப்பழியை மாணவர்க்குப் பயிற்றுவது தமிழ்க்கல்வி செய்யும் பெரும்பிழையாகும். மணிமேகலையைக் கற்பிப்போர் அவள் எக்குலத்தாள் என்பதில் தொடங்குவதை விடுத்து, அவள் கையிலிருந்த பாத்திரம் யார் யார் பசியைத் தீர்த்தது என்பதில் தொடங்குவார்களாயின் சாத்தனாரின் நூல் அதன் இயல்பான பொருளைத் தானே உணர்த்தும்.