ஆங்கிலம் அறிவோம்: ‘பை’ என்னும் சிறு சொல்

இம்மாதம் பெரிய சொல் எதையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துகளால் ஆன ‘பை’ என்னும் சொல்லைத்தான் பார்க்கப் போகிறோம். கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போகும் பை அல்ல. தேதிக்கு முன்னாலும், ஆள் பெயருக்கு முன்னாலும், பணத் தொகைக்கு முன்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும் ‘பை’.

இதை எழுதத் தூண்டியது ஒரு கடிதம். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை வெட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தோட்ட வீட்டை ‘பை 30 ஜூன்’ காலி செய்யவேண்டும் என்று நிர்வாகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கிறது. மகள் சொல்கிறாளாம், “முப்பதுக்கு முன்னாலேயே, அதாவது 29ஆம் தேதிக்கே போய்விடணும்” என்று. மருமகன் சொல்கிறாராம், “சரியாக முப்பதாம் தேதி அன்றைக்குத்தான் சாவியைக் கொடுக்கணும்” என்று. பக்கத்து வீட்டுக்காரரோ, “முப்பது வரைக்கும் உங்க வீடுதான், ஜூலை முதல் தேதி காலையில் லோரி வைத்தால் போதும்” என்கிறாராம். மூவருமே பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா, மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. தேதிக்கு முன்னால் ‘பை’ வந்தால், “அந்த நாளுக்குள், அந்த நாளையும் சேர்த்து” என்று பொருள். ஜூன் 10ஆம் தேதி போனாலும் சரி, 25ஆம் தேதி போனாலும் சரி, கடைசியாக 30ஆம் தேதி போனாலும் சரி. ஜூலை முதல் தேதி காலை என்பது மட்டும் தாமதம். உங்கள் மகள் சொன்ன பொருள் வரவேண்டுமானால் கடிதத்தில் ‘பிஃபோர்’ என்று இருந்திருக்கும். மருமகன் சொன்ன பொருளுக்கு ‘ஆன்’ என்று இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ‘பை’யையும் ‘டில்’லையும் ஒன்றாக்கிவிட்டார். அப்படியே ‘டில்’ என்று வைத்துக்கொண்டாலும் அது முப்பதோடு முடிந்தது. ஜூலை வரைக்கும் நீளாது.

இந்த ‘டில்’லும் ‘பை’யும் நம்மவர்களை மிகவும் குழப்புகின்றன. ஒரு கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. திறந்திருப்பது தொடர்ந்து நடக்கும் காரியம். அதற்கு ‘டில் டென்’. வெளியே போகிற மகனிடம், “பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடு” என்கிறோம். வந்து சேர்வது ஒருமுறை நடந்து முடிகிற காரியம். அதற்கு ‘பை டென்’. தமிழில் ‘வரை’ பொருந்தும் இடத்தில் ‘டில்’, ‘உள்’ பொருந்தும் இடத்தில் ‘பை’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ஆனால் நம்முடைய ‘உள்’ளிலும் ஒரு சிக்கல் உண்டு. “பதினைந்துக்குள் கட்டு” என்றால் பதினைந்தாம் தேதி சேர்த்தியா இல்லையா என்று நம் வீடுகளிலேயே வாக்குவாதம் நடக்கும். ஆங்கில ‘பை’யில் அந்த நாளும் சேர்த்தி. தேசிய மொழிக் கடிதங்கள் இதில் இன்னும் தெளிவு. ‘செபெலும் அத்தாவ் பாடா’ என்று எழுதிவிடுவார்கள். ‘முன்பாக அல்லது அன்று’ என்று இரண்டையும் சொல்லிவிட்டபின் சண்டைக்கு இடமில்லை.

தொழிலாளர் குடும்பத்துக்கு இந்தப் பொருள் கையோடு இருக்கவேண்டும். ஊழியர் சேமநிதிக்கு உரிய பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். அங்கே 15ஆம் தேதியும் சேர்த்தி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குப் பிந்தாமல் சம்பளம் கைக்கு வரவேண்டும். வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையிடவேண்டும். இந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘பை’ வராது, ‘விதின்’ வரும். தேதியைச் சொன்னால் ‘பை’. இத்தனை நாள், இத்தனை மாதம் என்று கால அளவைச் சொன்னால் ‘விதின்’. கடைசி நாள் எது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு அறுபதாவது நாள் வரைக்கும் காத்திருப்பது எந்த மொழியிலும் புத்திசாலித்தனமல்ல.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு இன்னொன்று. ‘பை’யின் பொருள் தெரிந்துவிட்டது என்பதற்காகச் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிடாதீர்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் சங்கத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ போய், உங்களுக்குச் சேரவேண்டியது எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள்.

இனி ஆள் பெயருக்கு முன்னால் வரும் ‘பை’. இதைத் தமிழில் ‘ஆல்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதில்தான் வம்பு. நம்முடைய மூன்றாம் வேற்றுமை இரண்டு சுமையைத் தூக்குகிறது. “இந்தக் கோயில் அரசனால் கட்டப்பட்டது” என்றால் செய்தவர் யார் என்று சொல்கிறது. “கத்தியால் வெட்டினான்” என்றால் எந்தக் கருவி என்று சொல்கிறது. தொல்காப்பியரே இவ்விரண்டையும் ஒரே வேற்றுமையில்தான் வைத்திருக்கிறார். அவர் சொல்லும் உருபு ‘ஒடு’. நமக்குப் பழகிப்போனதால் இரண்டும் வேறு என்றே தோன்றுவதில்லை. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. செய்த ஆளுக்கு ‘பை’, பிடித்த கருவிக்கு ‘வித்’. ஆகவே, “கத்தியால் வெட்டினேன்” என்பதை ‘கட் பை நைஃப்’ என்று நம் பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியர் சிவப்பு மை போடுகிறார். ‘கட் வித் அ நைஃப்’ என்பதே சரி.

தமிழ் கைகொடுக்காத இந்த இடத்தில் மலாய் கைகொடுக்கும். மலாயில் செய்தவருக்கு ‘ஓலே’, கருவிக்கு ‘டெங்ஙான்’. மரம் அப்பாவால் உளியால் சீவப்பட்டது என்றால், அப்பாவுக்கு ‘ஓலே’, உளிக்கு ‘டெங்ஙான்’. மனத்துக்குள் மலாயில் சொல்லிப் பார்த்து, ‘ஓலே’ வந்தால் ‘பை’ போடுங்கள். ‘டெங்ஙான்’ வந்தால் ‘வித்’ போடுங்கள். மூன்று மொழிக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இந்த வசதி உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது கிடையாது! ஒரு விலக்கு மட்டும் நினைவிருக்கட்டும். கடித உறையின் மூலையில் ‘பை ஹேண்ட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேரில் கையோடு கொடுத்தது என்று பொருள். அஞ்சலில் வந்தால் ‘பை போஸ்ட்’. இங்கே கையோ அஞ்சலோ கருவியாக நிற்கவில்லை, காரியம் நடந்த வழியாக நிற்கிறது.

ஆளைக் குறிக்கும் இந்த ‘பை’ பாரங்களின் அடியில் வரிசையாக நிற்கும். ‘ப்ரிப்பேர்ட் பை’ என்றால் தயாரித்தவர். ‘செக்ட் பை’ என்றால் சரிபார்த்தவர். ‘அப்ரூவ்ட் பை’ என்றால் ஒப்புதல் அளித்தவர். ‘விட்னெஸ்ட் பை’ என்றால் சாட்சி. ‘ரிசீவ்ட் பை’ என்றால் பெற்றுக்கொண்டவர். இந்தக் கடைசிக் கோட்டில்தான் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். அது “பார்த்தேன்” என்பதற்கான கையெழுத்து அல்ல, “என் கைக்கு வந்துவிட்டது” என்பதற்கான கையெழுத்து. பணமோ, காசோலையோ, பொருளோ கைக்கு வருமுன் அங்கே கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வந்தது கடிதம் மட்டும்தான் என்றால், பக்கத்திலேயே ‘கடிதம் மட்டும் பெற்றேன்’ என்று தமிழிலாவது எழுதித் தேதி போடுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவனையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகைக்கு முன்னால் வரும் ‘பை’ வேறு வகை. அது எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும். 2025 பிப்ரவரி முதல் தேதி, குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது (ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்டு முதல்). இதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். 200 வெள்ளி ஏறியது என்றால் ‘பை 200’. 1,700க்கு ஏறியது என்றால் ‘டு 1,700’. ‘பை’ ஏறிய அளவைச் சொல்கிறது. ‘டு’ போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது. அறிவிப்புப் பலகையில் ஏதோ ஒரு படி ‘பை 50’ உயர்ந்தது என்றிருந்தால் பழையதோடு 50 வெள்ளியைக் கூட்டிக்கொள்ளலாம். ‘டு 50’ என்றிருந்தால் மொத்தமே 50தான். பழையது 45 ஆக இருந்தால் ஏறியது ஐந்தே வெள்ளி. ஓர் எழுத்தைச் சரியாகப் பார்க்காமல் தோட்டம் முழுக்கச் சந்தோஷப்பட்டுவிட்டு, சம்பள நாளன்று கிராணியோடு சண்டைக்குப் போவானேன்?

சம்பளம் எந்தக் கணக்கில் என்பதற்கும் இதே ‘பை’தான். நாள் கணக்கில் என்றால் ‘பை தி டே’. எடைக் கணக்கில் என்றால் ‘பை வெய்ட்’. பால் எடைக்கும் குலை எடைக்கும் சம்பளம் வாங்குகிறவர்கள், “நமக்கு மாதச் சம்பளம் இல்லை, ஆகவே குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை” என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. எடைக்கும் எண்ணிக்கைக்கும் வேலை செய்பவருக்கும் மாத வருமானம் அந்த அளவுக்குக் குறையக்கூடாது என்று அந்த ஆணையிலேயே இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். பயணத்துக்கு ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’. புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில்தான் பட்டர்வொர்த் பாதையும் பாடாங் பெசார் பாதையும் பிரிகின்றன. எந்தப் பக்கம் போனாலும் ‘பை ட்ரெயின்’தான், நடுவில் ‘தி’ வேண்டாம். ஆனால் “எட்டு மணி ரயிலில்” என்று குறிப்பிட்டுச் சொன்னால் ‘ஆன்’. “மாமாவின் காரில்” என்றால் ‘இன்’. நடந்து போனால் ‘பை வாக்’ என்று நம்மில் பாதிப்பேர் சொல்கிறோம். அப்படி ஒன்று ஆங்கிலத்தில் இல்லை. ‘ஆன் ஃபுட்’ என்பதே வழக்கு. ‘பை தி ரிவர்’ என்றால் ஆற்றோரம். ‘பை ஹார்ட்’ என்றால் மனப்பாடம். ‘பை மிஸ்டேக்’ என்றால் தவறுதலாக. ‘பை மைசெல்ஃப்’ என்றால் தனியாக. பலகை ‘டூ பை ஃபோர்’ என்று ஆசாரிகள் சொல்வது அகலமும் கனமும். தமிழ்நாட்டுக் கடைகளில் ‘ஒன் பை டூ’ என்று காப்பி கேட்பார்களே, அது ஒன்றை இரண்டாகப் பங்கிட்டுத் தருவது. கணக்குப் பாடத்து வகுத்தல் காப்பிக் கடைக்கு வந்துவிட்டது.

இடைத்தேர்தலை ‘பை எலெக்ஷன்’ என்கிறார்களே, அதில் ‘பை’க்கு ‘ஆல்’ என்று பொருள் இல்லை. பக்கத்திலே, துணையாக என்பது பொருள். புக்கிட் மெர்தாஜாமுக்கு அடுத்த பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் 2008 ஆகஸ்டில் நடந்தது அத்தகைய தேர்தல். ‘பை லா’ எனும் துணைவிதியில் உள்ள ‘பை’யோ பெரும்பாலும் வேறு வழியில் வந்தது என்பார்கள், பழைய வடநாட்டு ஐரோப்பிய மொழியில் ஊர் என்று பொருள்படும் சொல். இங்கிலாந்தில் டெர்பி, விட்பி என்று முடியும் ஊர்ப் பெயர்களில் அது இன்னும் இருக்கிறது. நம் ஊர்களில் ‘பட்டி’ என்று முடிவது போல.

கடைசியாக, நம்மவர்களின் தலையெழுத்தையே தொட்ட ஒரு ‘பை’. நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில், குடியுரிமை எவ்வழியில் கிடைக்கிறது என்று சொல்லும் இடங்களில் இந்தச் சொல் மூன்றுமுறை மூன்று துணையோடு வருகிறது. 14ஆம் விதி, ‘பை ஆப்பரேஷன் ஆஃப் லா’. 15ஆம் விதி முதல் சிலவற்றில், ‘பை ரெஜிஸ்ட்ரேஷன்’. 19ஆம் விதி, ‘பை நேச்சுரலைசேஷன்’. இங்கே ‘பை’ என்றால் ‘வழியாக’. மலாய் வாசகத்தில் ‘ஓலே’யும் இல்லை, ‘டெங்ஙான்’னும் இல்லை, ‘மெலாலுயி’ என்று இருக்கிறது. முதலாவதற்கு மனுப் போட வேண்டியதில்லை; தகுதி இருந்தால் சட்டமே குடிமகனாக்கிவிடுகிறது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை மலாயாவில் பிறந்தவர்கள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இந்த வழியில் வந்தவர்கள். இரண்டாவதற்கு மனுப் போட்டுப் பதியவேண்டும். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்த நம் பெரியவர்கள் பலர் போக வேண்டியிருந்தது இந்த வழி. போகத் தெரியாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றவர்களை நீங்களும் அறிவீர்கள். மூன்றாவதற்கு 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்கவேண்டும், தேசிய மொழி போதுமான அளவு தெரிந்திருக்கவேண்டும். அப்படியிருந்தும், கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம்.

ஆகவே பிள்ளைக்கோ பாட்டிக்கோ பாரம் நிரப்பும்போது, “குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம்” என்று சொல்வது போதாது. எந்த ‘பை’யின் கீழ் எழுதிப் போட்டோம் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தானாகவே உரிமையுள்ள பிள்ளைக்குப் பதிவு வழியில் மனுக் கொடுத்தால், இல்லாத உரிமையைக் கேட்டு வாங்குவது போல் காரியம் திசைமாறிப் போய்விடும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. பின்வரும் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதினால் கோடிட்ட சொல்லுக்கு ‘பை’, ‘டில்’, ‘வித்’, ‘டு’, ‘விதின்’ இவற்றுள் எது வரும்?

1. அம்மா ஐந்து மணி _வரை_ ஆயாக்கொட்டகையில் இருப்பார்.
2. வெள்ளிக்கிழமைக்_குள்_ பள்ளிக் கட்டணத்தைக் கட்டு.
3. அண்ணன் கோடரி_யால்_ விறகு பிளந்தான்.
4. என் மதிப்பெண் 60இலிருந்து 75_க்கு_ உயர்ந்தது.
5. 14 நாட்களுக்_குள்_ பதில் அனுப்பவும்.
6. இந்தக் கடிதம் தலைமையாசிரிய_ரால்_ எழுதப்பட்டது.

விடை: 1. டில். 2. பை. 3. வித். 4. டு. 5. விதின். 6. பை.