கணக்கைக் காட்டுக, கை கொடுப்பார்கள்!

"இணையமா? பட்டணத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு!" என்று ஏளனம் பேசுவோர் நம் நற்பணி மன்றங்களில் இன்னும் உண்டு.

அவர்களைக் கேட்கிறோம்: 2011 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாள்! நட்ட கன்று பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். ஏடுகளோ சில நாளில் வேறு செய்திக்குப் போய்விடும். அதற்குப்பின் நம் துயரை நாட்டுக்கு நினைவூட்டுவது யார்?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, எங்கே படகு வேண்டும், எங்கே உணவு கிடைக்கும் என்று இளைஞர்கள் இணையத்தில் பட்டியலிட்டனர். முன்பின் அறியாதவர் ஓடிவந்து உதவினர்.

சென்னைக்கு முடிந்தது பண்ருட்டிக்கு முடியாதா? எந்தச் சிற்றூருக்கு என்ன தேவை, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, நட்ட கன்றுகளில் பிழைத்தவை எத்தனை என்று மாதந்தோறும் மன்றங்கள் வெளியிடட்டும். பெங்களூரிலும் துபாயிலும் உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பார்கள். கணக்கைக் கண்டால் நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கை பிறந்தால் உதவி தொடரும்.

கணக்கை மறைப்பவருக்கே இணையம் கசக்கும். தூய கரங்கள் தயங்குவானேன்? அடுத்த புயல் நம் அனுமதி கேட்டு வராது, தோழர்களே!