மஞ்சள் ஓரம் எங்கே போயிற்று?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு படங்களுடன் எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் சிறு நர்சரி வைத்திருப்பவர். "குட்டைக் கற்றாழை" என்று சொல்லி மொத்த வியாபாரி கொடுத்த செடி ஒன்று நன்றாக விற்றிருக்கிறது. இலை ஓரத்தில் அகலமான மஞ்சள் பட்டை அதன் அழகு. இலைகளை வெட்டி நட்டு நாற்பது கன்றுகள் எடுத்தார். நாற்பதும் பச்சை! வேறு செடி என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். செடியின் சரியான பெயர் என்ன, மஞ்சள் ஏன் மறைந்தது என்று கேட்கிறார்.

முதலில், இது கற்றாழை அல்ல. சோற்றுக்கற்றாழை இலையின் ஓரத்தில் முள் இருக்கும். ஒடித்தால் வழவழப்பான சோறு வரும். படத்தில் உள்ள இலை முள்ளில்லாமல் தட்டையாக, குறுக்கே வரிகளுடன் இருக்கிறது. கிழித்தால் நார் தெரியும். நம் கரட்டு நிலங்களில் வளரும் மருளுக்கு இது நெருங்கிய உறவு. கற்றாழை என்ற பெயரை நம்பி யாராவது சாறு எடுத்துக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஆடு, கன்றுக்குட்டி கடிக்காத இடத்தில் வைப்பதும் நல்லது. அட்டையில் அந்தப் பெயரை இன்றே மாற்ற வேண்டும்.

படங்களின்படி இது 'கோல்டன் ஹானி' ரகம். கடைகளில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்கும் உயரமான செடியின் குட்டை வடிவமே 'ஹானி'. அது 1939இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து மஞ்சள் ஓரத்துடன் வந்தது 'கோல்டன் ஹானி'. பழைய புத்தகங்களில் இதன் இனம் சான்சிவியேரியா. இப்போது டிரசீனா இனத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பெயரில் எதைக் கண்டாலும் குழம்ப வேண்டாம். விற்பனைக்கு முக்கியம் ரகப் பெயர்தான்.

இனி மஞ்சள் விஷயம். இந்த இலையில் பச்சைத் திசுவும் மஞ்சள் திசுவும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வளர்கின்றன. இலைத்துண்டின் வெட்டுவாயில் புதிதாகத் தோன்றும் குருத்து பெரும்பாலும் பச்சைத் திசுவிலிருந்தே வருகிறது. ஆகவே பிள்ளை பச்சை. உரம், வெயில் எதைக் கூட்டினாலும் அதில் மஞ்சள் திரும்பாது. மஞ்சள் திசுவிலிருந்து மட்டும் குருத்து வந்தாலோ, பச்சையம் இல்லாததால் அது தனியாகப் பிழைக்காது.

வழி, வாழைக்குச் செய்வதுதான். தாய்ச்செடியின் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து வரும் பக்கக் கன்றை, இரண்டு மூன்று இலை வந்தபின் வேருடன் வெட்டிப் பிரிக்க வேண்டும். வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் விட்டு, மணல் கலந்த மண்ணில் நடலாம். தண்ணீர் கூடினால் அழுகும். மண் முழுதும் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். எப்போதாவது பக்கக் கன்றும் முழுப் பச்சையாக வரும். அதை உடனே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் தொட்டியையே பிடித்துக்கொள்ளும்.

இந்த வழியில் கன்று மெதுவாகத்தான் பெருகும். மஞ்சள் ரகத்துக்கு விலை கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நாற்பது கன்றுகளையும் எறிய வேண்டியதில்லை. 'ஹானி, பச்சை' என்று அட்டை எழுதி, அதற்குரிய குறைந்த விலையில் விற்கலாம்.