அம்பத்தூர் செய்த வண்டி, கடற்கரை ஓட்டிய வண்டி

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருக்க நேரமில்லாதவர்கள் ஒரு காலத்தில் அந்தத் தூரத்தைச் சைக்கிளில்தான் கடந்தார்கள். மீன்பெட்டி, பால் கேன், நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி என எல்லாமே அதன் கேரியரில் ஏறின. அந்தச் சைக்கிள்களில் கணிசமானவற்றைச் செய்ததும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்தான் என்பது இன்று பலருக்கு நினைவில்லை.

முருகப்பா குழுமம் 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951இல் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. அப்போது அம்பத்தூரும் ஆவடியும் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். 1997இல் அந்தப் பெரிய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் உருவானது 2019 நவம்பரில். புதிய வரைபடத்தில் அம்பத்தூர் இல்லை. அதனால்தான் இந்தத் தொழில் வரலாற்றைச் செங்கல்பட்டும் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்வதில்லை, சென்னையும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

அம்பத்தூர் ஆலைக்கு முன்பு நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் கப்பலில் இறங்கிய வண்டிகள். ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் கோவென்ட்ரி நகரில் செய்த ரோவர் வண்டிதான் ஏறத்தாழ சம அளவான இரண்டு சக்கரமும் பின்சக்கரத்துக்குச் செயினும் கொண்ட இன்றைய சைக்கிளுக்கு முன்மாதிரி. மூன்றே ஆண்டுகளில், 1888இல், ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். பிறகு நாட்டிங்காமின் ராலேயும் பர்மிங்காமின் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏயும் ஆங்கிலேய ஆட்சி இருந்த இடமெல்லாம் போய்ச் சேர்ந்தன. வக்கீல், தாசில்தார், பெரிய மிராசுதார் வீட்டுத் திண்ணையில்தான் அவற்றைப் பார்க்க முடியும். ராலேயில் போகிறவரை ஊரே நின்று பார்த்தது. கூலிக்காரரும் வாத்தியாரும் ஒரு வண்டிக்குச் சொந்தக்காரர் ஆக, அது இங்கேயே செய்யப்பட வேண்டியிருந்தது.

அம்பத்தூரின் பெருமை வண்டியைப் பூட்டி அனுப்பியதோடு முடியவில்லை. சட்டத்துக்கு வேண்டிய குழாய்க்கு 1955இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. செயினுக்கு 1960இல் டிஐ டைமண்ட் செயின் வந்தது. டைனமோவுக்கும் விளக்குக்கும் டிஐ மில்லர், சீட்டுக்கு ரைட் சேடில்ஸ் என உதிரிபாகங்களும் இங்கேயே பிறந்தன. பர்மிங்காமில் சைக்கிள் விளக்குச் செய்து பேரெடுத்த லூகாஸ், 1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து பாடிக்கு வந்தபோது கார்களுக்கான மின்கருவிகளைச் செய்தது. இங்கிலாந்தில் சைக்கிளிலிருந்து மோட்டார் தொழில் வளர்ந்த அதே பாதையில், சென்னையின் வடமேற்கு ஓரமும் ஒரே தலைமுறைக்குள் நடந்து முடித்தது. இன்று சென்னையை மோட்டார் நகரம் என்று கொண்டாடுகிறோம். அந்தத் தொழிலுக்குக் கை பழகியது எங்கே என்று கேட்டால், சைக்கிள் ஆலைகளையும் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பழைய வண்டியை ஒரு பொறியாக நின்று பார்க்க வேண்டும். 28 இஞ்ச் சக்கரம். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால்தான் ஏறும், அதனால் அங்கே எட்டுக் கம்பி கூடுதல். பிரேக்குக்கு ஒயர் இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் இரும்புக் கம்பி, ரிம்மின் உட்புறத்தில் ரப்பர் கட்டையை இழுத்து அழுத்தும். பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது ஒரு சின்னக் கோட்டர் பின். முன் ஹப்புக்குள் 3/16 இஞ்ச் பால்ஸ், பின் ஹப்பிலும் பெடல் அச்சிலும் கால் இஞ்ச் பால்ஸ். இந்த அளவுகள் பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறவில்லை. லூதியானா ஹீரோவின் செயின் அம்பத்தூர் ஹெர்குலிஸில் ஓடியது. சோனிபட் அட்லஸின் பெடல் பிஎஸ்ஏவில் ஏறியது. எந்த ஊர்க் கடையிலும் எந்த வண்டிக்கும் சாமான் கிடைத்தது. ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும், வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும். அப்பா ஓட்டிய வண்டி மகனுக்கு வந்தபோது சட்டத்தையும் மட்கார்டையும் தவிர மற்றதெல்லாம் மாறியிருக்கும். ஆனாலும் வீட்டில் அது அப்பா வண்டிதான்.

இந்த ஏற்பாடு ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒரு தொழிலாளியை உருவாக்கியது. புளியமரத்தடியில் ஒரு பெட்டி, ஒரு காத்துப் பம்பு, ஒரு தொட்டித் தண்ணீர். டயரை நெம்பிக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார். வால்வில் செருகும் வால்டியூபை அளவாகக் கத்தரித்துக் கொடுப்பார். கோணிய ரிம்மைக் கவட்டில் நிறுத்திச் சுற்றிவிட்டு, கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுப்பார். கண்ணளவுதான் அவருக்கு அளவுகோல். வருஷத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, பால்ஸ் மாற்றி ஓவராயில் செய்வார். அதே கடையில் மணிக்கணக்கில் வாடகை வண்டியும் கிடைக்கும். சைக்கிள் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த வாடகை வண்டியில்தான் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகினார்கள்.

கடற்கரை ஊர்களில் அவருக்கு வேலை இரட்டிப்பு. மாமல்லபுரத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோவளத்திலும் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மீன்பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் கேரியரையும் மட்கார்டையும் அரிக்கும். வெள்ளையாகப் பளபளத்த ரிம்மில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் ரிம்முக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். ஹப்பைச் சுற்றி மாட்டிய வண்ணக் குஞ்ச வளையம் அழகுக்கென்று பலர் நினைப்பதுண்டு, சக்கரம் சுற்றும்போது ஹப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, வேட்டியும் பேண்ட்டும் செயினில் சிக்காதபடி முழுச் செயின் கவர், பேண்ட்டுக்கு ஒரு கிளிப், டயரில் சாய்ந்து ஓடும் மில்லர் டைனமோ என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆயுத பூஜையன்று அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார்கள்.

அந்நாளில் சைக்கிளுக்குச் சட்டமும் இருந்தது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வரி கட்டி, வருஷ எண் அச்சிட்ட தகர வில்லையை வண்டியில் மாட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனால் அபராதம். இதெல்லாம் தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் வரி வாங்கிய அரசு, சாலையில் இந்த வண்டிக்கும் பாத்தியதை உண்டு என்று ஏற்றுக்கொண்டிருந்தது. வரி போனபோது தொல்லை தீர்ந்தது. அதன் பிறகு சாலை போடுகிறவர்களின் கணக்கிலிருந்தே சைக்கிள் விழுந்துவிட்டது.

டைனமோவைப் பற்றிப் பேசினால் யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990களின் போர்க்காலத்தில் அங்கே மின்சாரம் இல்லை, பேட்டரிக்கும் தடை. சனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள். எளிய பொறி என்பது ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் அந்த வருடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்டபோது, திறந்து பார்க்கவும் மாற்றிப் பூட்டவும் முடிந்த பொருள்தான் மனிதருக்குக் கைகொடுத்தது.

இவ்வளவு சொன்னபின், அந்தக் காலமே பொற்காலம் என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் அது பொய்யாகும். நம் நினைவில் ஓடும் பழைய சைக்கிள்களில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண். பெண்கள் முன்பாரிலோ கேரியரிலோ உட்கார்ந்து போனார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் தலித்துகள் ஊர்த்தெருவுக்குள் வந்ததும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கொடுமை இருந்தது. அதே வண்டி ஒருவருக்குச் சுதந்திரமாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் இருந்த காலம் அது.

அந்த வேலியை உடைத்ததும் சைக்கிளேதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளுமான பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பெண்கள் வண்டி கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 11ஆம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் அது விரிந்தது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் பிள்ளைகள் ஆண்டுதோறும் வண்டி பெறுகிறார்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்து அரசுப் பள்ளி வாசலில் மாலை நாலரை மணிக்கு வரிசையாகக் கிளம்பும் மாணவியரைப் பார்த்தால், தமிழ்நாட்டுச் சைக்கிள் வரலாற்றின் மிக நல்ல அத்தியாயம் எது என்பது விளங்கும்.

ஆனால் இதற்கு முன்னும் பின்னுமாக வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. மீன்பெட்டியும் பால் கேனும் அதில் ஏறின. உழைக்கும் உடம்புக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டாவது, சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, 2002இல் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுங்கச் சாலையானது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரை நான்கு வழி வேலை நடக்கிறது. சாலை அகலமான ஒவ்வொரு முறையும் வேகம் கூடியது, ஓரம் குறைந்தது. கடற்கரைக் குப்பத்திலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்தச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நாம் வண்டி கொடுத்தோம், ஓட்ட இடம் கொடுக்கவில்லை.

இன்று அதே சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேறு வண்டிகள் போகின்றன. கார்பன் சட்டம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ, ஹெல்மெட். உடம்பைப் பேணும் நல்ல பழக்கம் அது. ஆனால் அந்த வண்டிகளில் அச்சுக் கப்புக்குக் கூட ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவு. வழியில் முச்சந்திக் கடையில் சரிசெய்ய முடியாது. முச்சந்திக் கடையும் அருகிவிட்டது. இருக்கிற சிலரும் வயதானவர்கள், பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை. இலவசமாகக் கொடுத்த வண்டி ஒரு பஞ்சரிலேயே திண்ணையில் சாய்வதற்கும், நல்ல சட்டம் இரண்டே வருஷத்தில் காயலான் கடைக்குப் போவதற்கும் இதுதான் காரணம்.

பழைய வண்டிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். ராலே முத்திரை, புரூக்ஸ் சீட், லூகாஸ் விளக்கு என்றால் நல்ல விலை போகிறது. புனேயில் விக்ரம் பெண்ட்சே திரட்டிய பழைய சைக்கிள்கள் தனி அருங்காட்சியகமாகவே நிற்கின்றன. நம் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா, நெசவாளி வீட்டையும் குயவர் வீட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்து 1996 முதல் காப்பாற்றி வருகிறது. அதுபோல ஒரு சைக்கிள் கடையையும் காக்கலாம். காத்துப் பம்பு, கோட்டம் எடுக்கும் கவடு, கோட்டர் பின் டப்பா, நகராட்சி வில்லைகள், அம்பத்தூர் ஆலையின் விளம்பரத் தகடுகள் எல்லாம் இன்னும் பரணிலும் கொல்லையிலும் கிடக்கின்றன. இன்னும் பத்து வருஷம் போனால் அவை உருகியிருக்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. சைக்கிள் கொடுக்கும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு பழுதுபார்க்கும் மூலையை அமைத்து, ஊரிலுள்ள மூத்த மெக்கானிக் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, பஞ்சர் ஒட்டவும் கோட்டம் எடுக்கவும் மாணவருக்கும் மாணவியருக்கும் கற்றுக்கொடுக்கச் செய்யலாம். அரசு வாங்கும் வண்டிகளுக்குப் பொது அளவுப் பாகங்களையே ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் செங்கல்பட்டு–திருக்கழுக்குன்றம்–மாமல்லபுரம் சாலையிலும், வேலை நடக்கும்போதே தடுப்புடன் சைக்கிள் பாதை விடலாம். ஐந்து ரதத்துக்கும் புலிக்குகைக்கும் வாடகைச் சைக்கிளில் போகும் வெளிநாட்டுப் பயணியும், மீன்பிடிக் குப்பத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அதே பாதையில் அச்சமில்லாமல் போவார்கள்.

பழைய வண்டி எத்தனை நாள் ஓடியது என்பதைத் தீர்மானித்தவை பொது அளவுப் பாகமும், திறந்து பார்க்கத் தெரிந்த கையும், சாலையில் அதற்கென்று இருந்த ஓரமும்தான். இந்த மூன்றையும் திரும்பக் கொண்டுவர முடியும், இந்தத் தடவை எல்லோருக்குமாக. இந்தக் கல்வியாண்டில் 11ஆம் வகுப்பில் வண்டி வாங்கும் ஒரு மாணவி கல்லூரி முடிக்கும்வரை அதே வண்டியை ஓட்டினால், திட்டம் பலித்தது என்று சொல்லலாம். அந்தக் கணக்கைத்தான் அரசு ஒவ்வொரு வருஷமும் எடுக்க வேண்டும்.