போர் போடுமுன் பக்கத்துத் தோட்டத்தையும் கேளுங்கள்

கிணறு எடுக்குமுன் நீரோட்டம் பார்ப்பது நம் விவசாயிகளின் வழக்கம். இப்போது வேப்பங்குச்சிக்குப் பதிலாக மின்கருவி கொண்டும் பார்க்கிறார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கருவியை மட்டும் நம்பிக் கடன் வாங்கலாகாது என்பது என் கருத்து.

இந்த முறை உலோகத் தாது தேடப் பிறந்தது. பிரான்ஸ் நாட்டின் கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912-ல் நிலத்தில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தார். செம்புத் தாது மின்சாரத்தை நன்கு கடத்தும். சுற்றியுள்ள பாறை அவ்வளவாகக் கடத்தாது. இந்த வேறுபாடே அடிப்படை.

தண்ணீருக்கும் இதே வழிதான். நான்கு உலோக முளைகளை நேர்கோட்டில் அடிப்பார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் மேலும் ஆழமாகப் பாயும். காய்ந்த கடினப் பாறையில் மின்தடை அதிகம். நீருள்ள சிதைந்த பாறையிலும் வெடிப்பிலும் குறைவு.

ஆனால் களிமண்ணிலும் உப்புநீரிலும் தடை குறைவுதான். ஆழத்திலுள்ள சிறு வெடிப்பு கருவிக்குத் தப்பிவிடவும் கூடும். 'இத்தனை அங்குலத் தண்ணீர் நிச்சயம்' என்று யாராவது சொன்னால், அது கருவி சொன்னதல்ல, அவர் சொன்னது.

தாது தேடும் கம்பெனி பல துளைகள் போட்டுப் பார்க்கும். ஒன்றும் கிடைக்காத துளையிலும் எத்தனை அடியில் என்ன பாறை என்று எழுதி வைக்கும். அடுத்த துளைக்கு அது வழிகாட்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போருக்கே பணம் புரட்டுவது பெரும்பாடு. அது வறண்டால் கடன் மட்டுமே மிஞ்சும்.

எனவே வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி ஆய்வு செய்துகொள்ளுங்கள். ஓரிடத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். மின்கம்பி, கம்பிவேலி ஆகியவற்றின் அருகில் அளந்தால் கணக்கு பிசகும். அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளின் ஆழம், மண், பாறை, நீரின் சுவை ஆகியவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஊருக்கு ஒரு நோட்டில் எல்லாப் போர்களின் விவரத்தையும் எழுதி வைப்பது நல்லது. வறண்ட போரை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த விவரம் அடுத்த வீட்டுக்காரரின் கடனைத் தடுக்கும்.